கிளப் கட்டடமும் கூரைச் சண்டையும்

வெள்ளவத்தை, கொழும்பு
12.08.1955

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையின் சுண்ணாம்புத் தூசியில் இருமல் விட்டபாடில்லை என்று எழுதியிருந்தாய். நாலு நாள் லீவு போட்டுவிட்டு மெயில் ரயிலில் ஏறி வா. இங்கே கடற்காற்று இருக்கிறது, என் அறையில் இன்னொரு பாய் விரிக்கவும் இடம் இருக்கிறது.

என் பாட்டைக் கேட்டிருந்தாய். சிரிக்காதே, கோல்ஃப் கிளப் ஒன்றுக்குக் கட்டடப் படம் கீறிக்கொண்டிருக்கிறேன். வட்டவளைப் பக்கம் தேயிலைத் துரைமாருடைய கிளப். ஒன்பது குழி மைதானம்தான். அதையே இரண்டு சுற்று ஆடிப் பதினெட்டாக்கிக்கொள்வார்களாம். இப்போது இருப்பது தகரக் கூரை போட்ட பழைய மரக் கட்டடம். மழை பெய்தால் பக்கத்துக் கதிரைக்காரர் பேசுவது கேட்காது, கறையானும் பாதியைத் தின்றுவிட்டது.

கோல்ஃப் மட்டையைத் தொட்டும் அறியாதவன் நான். அதனால் எங்கள் கந்தோர்ப் பெரியவர் பொரளைக்குப் போய் றோயல் கொழும்பு கிளப்பைப் பார்த்துவரச் சொன்னார். 1879இல் தொடங்கிய கிளப் அது. முதலில் நம் காலிமுகத்திடலில்தான் ஆடியிருக்கிறார்கள். 1896இல் பொரளைக்கு மாறி, அப்போதைய கவர்னர் ரிட்ஜ்வேயின் பெயரை மைதானத்துக்கு வைத்தார்கள். 'றோயல்' பட்டம் 1928இல் வந்தது. எனக்கு இதையெல்லாம் விடப் பிடித்தது ரயில்தான். களனிவெளிப் பாதை மைதானத்துக்கு நடுவாலே போகிறது! இரண்டரை அடித் தண்டவாளத்தில் அந்தக் குட்டி ரயில் ஆடி ஆடி வர, ஆட்டக்காரர்கள் மட்டையை ஊன்றிக்கொண்டு அது போகும்வரை நிற்கிறார்கள். மூன்றாம் வகுப்புச் சனம் ஜன்னலால் அவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு போகிறது.

அங்கே நான் முக்கியமாகப் பார்த்தது சப்பாத்தை. அடியில் இரும்பு முள் வைத்த சப்பாத்து. அதோடு நடந்தால் நம் மேசன்மார் மினுக்கி வைக்கிற சீமெந்துத் தரை ஒரு வருஷம் தாங்காது. ஆகவே வாசலிலிருந்து உடுப்பு மாற்றும் அறைவரை தும்புப் பாய் என்று படத்தில் குறித்தேன். ஈரச் சப்பாத்தும் உடுப்பும் காய ஒரு சின்ன அறை, கடைசிக் குழியைப் பார்த்தபடி நீள விறாந்தை. விறாந்தையில் பின்னேர வெயில் கண்ணில் அடிக்கக் கூடாது. யோசித்துப் பார்த்தால் மழை விடும்வரை காத்திருக்கத்தான் இந்தக் கட்டடமே. ஆனால் கமிட்டியார் மூன்று கூட்டத்திலும் பார் மேசையின் நீளத்தைப் பற்றியே பேசினார்கள்.

இப்போது பெரிய சண்டை கூரையில். லண்டனில் படித்துவிட்டு வந்த எங்கள் இளம் ஆர்க்கிடெக்ட் தட்டையான கொங்கிரீட் கூரைதான் வேண்டும் என்கிறார். இந்தியாவின் சண்டிகாரில் கொர்பூசியே என்கிற பிரெஞ்சு ஆர்க்கிடெக்ட் கட்டுவதைச் சஞ்சிகைகளில் பார்த்து மனுஷன் மயங்கிப்போனார். சண்டிகார் மழை எங்கே, ஆண்டுக்கு 200 அங்குலம் கொட்டுகிற வட்டவளை மழை எங்கே? பகல் வெயிலில் விரிந்து இரவுக் குளிரில் சுருங்கினால் தட்டு வெடிக்கும். தார் பூசினாலும் அந்த வெடிப்பைத் தேடித் தண்ணீர் இறங்கும். சரிவான ஓட்டுக் கூரையும் நாலடி தாழ்வாரமும் போதும் என்று சொன்னேன். "பழைய காலத்து ஆள்" என்று பட்டம் கிடைத்தது, எனக்கு முப்பத்திரண்டு வயது! நல்ல காலம், பெரியவர் என் பக்கம். ஓடுதான் போடப்போகிறோம்.

இன்னொன்று. பை தூக்குகிற பையன்களுக்கு ஒரு கொட்டில் கீறியிருந்தேன். எல்லாரும் லயத்துப் பிள்ளைகள், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் வளர்கிறவர்கள். 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அவர்களின் தாய் தகப்பனுக்கு எந்த நாடு என்றே தெரியாத நிலை. செலவைக் குறைக்க வேண்டும் என்று கமிட்டி முதலில் வெட்டியது அந்தக் கொட்டிலைத்தான். கணப்பு அடுப்பு மட்டும் தப்பிவிட்டது. எனக்கு ஆத்திரம் வந்தது, ஆனால் படம் கீறுகிறவனுடைய ஆத்திரத்தை யார் கேட்பார்கள்? பிறகு பின்பக்கத் தாழ்வாரத்தை எட்டடியாக நீட்டி, நிலத்துக்குச் சீமெந்தும் போட்டு, 'விறகு அடுக்க' என்று எழுதிவிட்டேன். பெரியவர் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கையெழுத்துப் போட்டார். விறகை எங்கே அடுக்குவது என்று கங்காணிதான் பார்த்துக்கொள்ளவேண்டும்.

சரி, உன்னிடம் ஒரு காரியம். சீமெந்துக்கு உங்கள் காங்கேசன் சீமெந்தையே எழுதியிருக்கிறேன். 1950இலிருந்து நீங்கள் சுடுவதை விட்டுவிட்டுக் கப்பலில் வருவதை ஏன் வாங்கவேண்டும்? ஆனால் ரயிலில் ஏறி, ஹற்றனில் இறங்கி, லொறியில் போய்ச் சேர்ந்தபிறகு அந்த ஈரக் குளிரில் மூட்டை எத்தனை நாள் கட்டிபடாமல் இருக்கும்? பலகைத் தட்டில், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்கச் சொல்லியிருக்கிறேன். அது போதுமா, அல்லது மாதாமாதம் கொஞ்சமாக எடுப்பது நல்லதா? உங்கள் சோதனைக்கூடத்து ஆட்களிடம் கேட்டு உடனே எழுது. விலைப் பட்டியலும் அனுப்பு. மாத முடிவுக்குள் கொந்தராத்துக்காரருக்குக் கணக்குக் கொடுக்கவேண்டும்.

அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லு. வரும்போது பனங்கட்டி கொண்டுவர மறக்காதே.

உன் பழைய அறைத் தோழன்