தம்பிக்குத் துணை நின்றவர்களுக்கு

எங்கள் தெருவில் விஷயம் தெரியாதவர்கள் யாருமில்லை, அதனால் மறைக்காமலே எழுதுகிறேன். தம்பி வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்தான். இப்போது அதை விட்டுவிட்டு லேத் பட்டறைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான். அவனுக்காக அலைந்தவர்களுக்கு வீட்டின் சார்பில் இந்த மடல்.

தெருமுனை மெடிக்கல் அண்ணனுக்கு முதலில். டாக்டர் சீட்டு இல்லாமல் டேபென்டடால் என்ற அந்த வலி மாத்திரையைக் கேட்டு வந்தவனை விரட்டாமல், "அம்மாகிட்ட நான் பேசட்டுமா தம்பி?" என்று கேட்டவர். பில் தாளின் பின்பக்கம் 14446 என்று எழுதிக் கொடுத்ததும் அவர்தான். போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதற்கான மத்திய அரசின் இலவச உதவி எண் அது. எடுத்தவர் என்ன மருந்து, எவ்வளவு நாளாக, இப்போது எப்படி இருக்கிறான் என்று விசாரித்துவிட்டு, எங்கே போக வேண்டும் என்று வழி சொன்னார். "வளர்ப்பு சரியில்லை" என்பதையே கேட்டுக் கேட்டுச் சலித்திருந்த அம்மாவுக்கு அதுவே பெரிய ஆறுதல்.

நாங்கள் அந்த எண்ணுக்குப் பேசியபோது அவன் ஒரு தனியார் போதை மறுவாழ்வு இல்லத்தில் இருந்தான். அங்கே சங்கிலி போட்டு வைத்திருந்தார்கள், அப்பாவும் அதுதான் வைத்தியம் என்று நம்பிவிட்டார். 2017 மனநலச் சட்டப்படி யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது, போதைப் பழக்கமும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது என்று அப்பாவுக்குப் புரியவைத்து, கூடவே வந்து அவனை வெளியே கொண்டுவந்த வக்கீல் அக்காவுக்குக் கும்பிடு. காபி தவிர எதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

அப்புறம் அரசு மருத்துவமனை ஓ.எஸ்.டி. மையத்து நர்ஸ் அக்கா. போதை ஊசிக்குப் பதிலாக டாக்டர் கண்காணிப்பில் மாற்று மருந்து கொடுக்கும் இடம் அது. தினமும் காலையில் பியுப்ரெனார்ஃபின் என்ற அந்த மாற்று மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லி, கரையும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். அத்தனை நேரமும் இவன் வாய் திறக்க முடியாது. அவரோ மகனின் கணக்கு மார்க்கில் தொடங்கி வஞ்சிர மீன் விலைவரை வந்துவிடுவார். "நாக்கைத் தூக்கு... ம், சரி, போயிட்டு வா." ஒருநாள் போகாவிட்டால் போன் வந்துவிடும்.

"ஒரு மாத்திரைக்கு இன்னொரு மாத்திரையா?" என்று அத்தை குத்தலாகக் கேட்டபோது அங்கிருந்த கவுன்சிலர் கோபப்படவில்லை. கை கால் குடைச்சலும் தவிப்பும் அடங்கினால்தான் ஊசி நிற்கும், சர்க்கரைக்கு மாத்திரை போடுவதில்லையா என்றார். எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சோதனைகளுக்கும் அவரே கூட்டிப்போனார். கொஞ்சநாள் விட்டிருந்தவன் பழைய அளவு ஊசியையே மறுபடி போட்டால் மூச்சு நின்றுபோகலாம் என்பதையும் அவர்தான் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். அதுவரை வீட்டில் ஒருவருக்கும் இது தெரியாது.

மையத்துக்குப் போய் வருவதற்காகத் தினமும் தாமதமாக வரச்சொல்லி, சம்பளத்தில் கைவைக்காத பட்டறை முதலாளிக்கும் நன்றி. காரணம் கேட்ட மற்ற பையன்களிடம், "அவனுக்கு வைத்தியம் நடக்குது" என்பதோடு முடித்துக்கொண்டாராம்.

மருந்தை எப்போது குறைப்பது என்பது டாக்டர் முடிவு, நாங்கள் அவசரப்படுத்தவில்லை. இதைப் படிக்கும் வீட்டில் யாருக்காவது இதே கவலை இருந்தால் 14446-க்குப் பேசுங்கள். மையத்துக்குத் தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், கூட வருகிறேன்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா