முகத்துவாரம் வெட்டினா மட்டும் எங்கட ஒழுங்கைத் தண்ணி வடியாது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

மாரி வந்தா மட்டக்களப்புல ஒரே கதைதான், வாவி கடலோட சேர்ற முகத்துவாரத்துல அடைச்சுக் கிடக்கிற மணல வெட்டித் திறக்கிறதா இல்லையா எண்டு. வாவிக்கு மேற்கால படுவான்கரை விவசாயி வயல் வட்டைக்குள்ள வேளாண்மை அழுகுது வெட்டுங்க எண்டுறார், ஆத்துல வலை போடுறவர் கொஞ்சம் பொறுங்க எண்டுறார், ரெண்டு பேர்ட பக்கமும் நியாயம் இருக்கு. ஆனா டவுன்ல எங்கட வளவுகளுக்குள்ள நாள்கணக்கா நிக்கிற தண்ணிக்கு அது மட்டும் மருந்தில்ல, அதச் சொல்லத்தான் எழுதுறன்.

பங்குடாவெளிப் பக்கம் இருந்து கல்முனை வரைக்கும் கிட்டத்தட்ட 56 கிலோமீட்டர் நீளமான வாவி, பாலமீன்மடுவிலயும் கல்லாத்துப் பக்கமும்தான் அதுக்குக் கடல் வழி. வாய் திறந்தா வாவி இறங்கும், சரி. கூழாவடி, கருவப்பங்கேணி, இருதயபுரம் மாதிரி இடத்துல பெய்யிற மழை முதல்ல வாவிக்குப் போய்ச் சேரோணுமே, அந்த வழியத்தான் நாங்க அடைச்சு வெச்சிருக்கம்.

எங்கட ஊர் மணல் திட்டியும் பள்ளமுமாக் கிடக்கிற ஊர். முந்தின ஆக்கள் திட்டியில வீட்டக் கட்டி பள்ளத்தத் தண்ணிக்கும் மாட்டுக்கும் விட்டாங்க. இப்ப அந்தப் பள்ளத்தத் துண்டு துண்டாப் பிரிச்சு கிறவல் கொட்டி நிரப்பி சுத்தி மதிலும் எழுப்பி விக்கிறாங்க, ஒருத்தர் ரெண்டடி உயர்த்தினா பக்கத்து வளவுக்காரர் மூணடி உயர்த்துறார், உயர்த்தக் காசில்லாத குடும்பத்துட வீட்டுக்குள்ளதான் கடைசில எல்லாத் தண்ணியும் வந்து நிக்குது. இதுக்கு மேல கொங்கிறீட் வீதி வேற. எங்கட ஒழுங்கையில வீதி போட்டவங்க ஒரு மதகு கூட வைக்கல்ல, வீதி வளவ விட உயரமாப் போச்சு, அது இப்ப அணைக்கட்டுதான். தண்ணி நிக்க நிக்க மலசலகூடக் குழி நிரம்பி, மணல் தரைதானே, அப்படியே கிணத்துக்குள்ள ஊறுது, வெள்ளம் வடிஞ்ச பிறகு வாற வருத்தமெல்லாம் பச்சப்புள்ளைகளுக்குத்தான்.

தண்ணிட பாதைக்குக் குறுக்க வீதி போனா என்ன நடக்கும் எண்டத 2024 நவம்பர் 26 அம்பாறைப் பக்கம் பாத்தம். காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில உழவு இயந்திரத்துல போன மதரசாப் பிள்ளைகள வெள்ளம் அடிச்சிட்டுப் போச்சே, அத நினைச்சா இப்பவும் நெஞ்சு பதறுது.

சட்டம் இல்லாம இல்ல. 2000ம் ஆண்டு 46ம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி வயல்காணிய நிரப்ப அனுமதி எடுக்கோணும். ஆனா ராவோட ராவா டிப்பர் வந்து கொட்டிட்டுப் போனா விடியக்குள்ள ஆர் என்ன செய்யிற?

நான் கேக்கிறது பெரிய திட்டமொண்டும் இல்ல. வெள்ளத்துக்குப் பிறகு திருத்த வேலைக்கு வாற காசுல வீதிக்குக் கல்லுப் பரவுறதுக்கு முதல் ஒவ்வொரு கிராம சேவகர் பிரிவுலயும் தண்ணி எங்கால வந்து எங்கால போகுது எண்டு மட்டம் பிடிச்சு வரைபடம் ஒண்டு கீறுங்க, 1957 வெள்ளத்தக் கண்ட கிழவன் கிழவி இன்னும் கொஞ்சப் பேர் இருக்காங்க, 2011 வெள்ளத்துல தோணியில போனவங்க ஊர் முழுக்க இருக்காங்க, அவங்களக் கூட்டிட்டு நடந்தாலே பாதி வேல முடியும். அந்தப் பாதையில மிஞ்சிக் கிடக்கிற பள்ளத்தயும் வாவிக்கரைச் சதுப்பில வளர்ற கண்ணாக்காட்டயும் ஆருக்கும் பெர்மிட் குடுக்காம விடோணும், புதுசாக் காணி பிரிக்கிறவர் தண்ணிக்கெண்டு ஒரு பங்கு ஒதுக்காம வித்தா காணி உறுதி முடிக்க ஏலாது எண்டு வரோணும். பள்ளத்துல ஏற்கனவே குடியிருக்கிற ஏழைகள எழுப்பிக் கலைக்கச் சொல்லி நான் சொல்லல்ல, அவங்கட வாசலுக்குத்தான் முதல் வடிகானும் முதல் மதகும் வரோணும்.

சபை உறுப்பினர்மாருக்கும் இது தெரியும், ஆனா கொங்கிறீட் வீதியத் திறந்து நாடா வெட்டலாம், மதகுக்கு ஆரும் நாடா வெட்டுறல்ல. அடுத்த பாதீட்டுல மதகுக்கும் கானுக்கும் தனியா எவ்வளவு ஒதுக்கிறீங்க எண்டு உங்கட நிருபர் ஒவ்வொரு சபையிலயும் கேட்டு, பதில அப்படியே பத்திரிகையில போடுங்க ஐயா.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மட்டக்களப்பு