புதிய பெடியள் வர முன்னம் இதை வாசி

தம்பி,

கம்பசுக்குப் புதிய பச் வரப்போகுது என்று போனில் சொன்னாய். பகிடிவதை இருக்குமா என்று கேட்டதற்கு, "பெரிசா ஒண்டும் இல்லையம்மா, பகிடிக்குத்தான், அப்பத்தான் எல்லாரும் ஒண்டாவினம்" என்றும் சொன்னாய். அதை என்னால் அப்படியே விட முடியவில்லை.

இழிவுபடுத்தல் எது என்பதற்கு நான் பார்ப்பது ஒன்றைத்தான். எதிரில் நிற்பவன் "ஏலாது" என்று சொல்லிவிட்டுப் பயமில்லாமல் போக முடியுமா? முழங்காலில் நில், ஊத்தைக் கதை கதை, உன் பெயரை விட்டுவிட்டு நாங்கள் வைத்த பட்டத்தைச் சொல்லு என்றால் அவன் சிரித்துக்கொண்டே செய்வான், ஏனென்றால் சிரிக்காவிட்டால் இன்னும் கூடும் என்று அவனுக்குத் தெரியும். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுக்காதே.

எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடைகளில் ஒரு காலம் சாதி பார்த்துச் சிலருக்கு வேறு குவளை வைத்திருந்தார்கள். குடித்தவரின் உடம்பில் ஒரு காயமும் இல்லை. கேட்டால், அது வழமை என்பார்கள். சாதியைச் சொல்லித் தடுப்பது குற்றம் என்று 1957இல் சட்டம் வந்த பிறகும், 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போக வேண்டும் என்று சனம் வாசலில் சத்தியாக்கிரகம் இருக்கவேண்டி வந்தது. "எங்களுக்கும் செய்தவை, நாங்களும் செய்யிறம்" என்று உங்கள் பெடியள் சொல்வதும் அதே வழமைக் கதைதான், எனக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கப் போன ஒரு தமிழ்ப் பெடியன் பகிடிவதைக்குப் பிறகு சிறுநீரகம் பழுதாகிச் செத்துப்போனான். அடுத்த வருடம் பகிடிவதையைத் தடைசெய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. மன வேதனையும் பயமும் கூட அதில் பகிடிவதைக்குள் அடங்கும். 2 வருடம் வரை கடூழியச் சிறை, பாலியல் தொல்லையோ கடும் காயமோ என்றால் 10 வருடம் வரை. ஆனால் சட்டத்துக்குப் பயந்து நீ விலகி நிற்பது எனக்குக் காணாது.

உன் பச் கோவித்தால் கோவிக்கட்டும். புதுப் பெடியனுக்குக் கன்டீனைக் காட்டு, உன் நோட்ஸைக் கொடு, சரியா? இரவில் ஒருத்தனை அறைக்குக் கூப்பிட்டார்கள் என்று தெரிந்தால் நீயும் போய் அவனை வெளியே கூட்டிக்கொண்டு வா. தனிய ஏலாது என்றால் எந்த நேரமென்றாலும் எனக்குப் போன் எடு, நான் விடியமுதல் பஸ் ஏறி வருவேன்.

அம்மா