எவ்வளவு தாழ்ந்தது என்பது மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலக்கரிச் சுரங்கங்களுக்கு மேலே நிலம் உள்வாங்குவது பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சுரங்க நில அளவைப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். முதலாவது, தலைப்பில் உள்ள ‘நிலச்சரிவு’ என்ற சொல். சரிவு என்பது மலைப்பக்கத்து மண் பெயர்ந்து வழுக்கி இறங்குவது. சுரங்கத்தின் மேல் நடப்பதோ தரை இருந்த இடத்திலேயே அமிழ்வது. இரண்டாவதுதான் முக்கியமானது. நிலம் அதிகபட்சம் எத்தனை மீட்டர் தாழும் என்ற ஒற்றை எண்ணைக் கொண்டே பாதிப்பு முழுவதையும் கட்டுரை எடைபோடுகிறது. ஆனால் சுவரைப் பிளப்பதும் ஓடையை வற்றச் செய்வதும் பெரும்பாலும் அந்த எண் அன்று.

லாங்வால் முறையில், ஏறத்தாழ 150 முதல் 400 மீட்டர் வரை அகலமும் சில கிலோமீட்டர் நீளமும் கொண்ட நிலக்கரிப் பாளம் முழுவதும் வெட்டி எடுக்கப்படுகிறது. நிலக்கரியை வெட்டிக்கொண்டிருக்கும் இடமான வெட்டுமுகத்தின் கூரையைத் தாங்கும் ஹைட்ராலிக் தாங்கிகள் முன்னே நகர நகர, அவற்றுக்குப் பின்னால் கூரைப் பாறை இடிந்து விழ விடப்படுகிறது. நொறுங்கிய பாறை முன்னைவிடக் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்வதால், வெட்டிய நிலக்கரியின் தடிமன் முழுவதும் மேலே பள்ளமாக வந்து சேர்வதில்லை. எவ்வளவு வந்து சேரும் என்பது பாறையைப் பொறுத்தது. பிரிட்டனில் அது வெட்டிய தடிமனில் 90 சதவீதம் வரை கண்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 65 சதவீதத்தை ஒட்டியே உச்சம் நிற்கிறது. அதாவது அதே 3 மீட்டர் தடிமனான நிலக்கரிக்கு ஓரிடத்தில் 2.7 மீட்டர், மற்றோரிடத்தில் 2 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. அந்த உச்சத் தாழ்வு வருவதும் பாளத்தின் அகலம் ஆழத்தைப் போல் சுமார் 1.4 மடங்கை எட்டினால்தான் என்பது பிரிட்டனின் அனுபவம். குறுகிய முதல் பாளத்தின் மேல் அளந்த சிறிய தாழ்வைக் காட்டி ஆபத்தில்லை என்று சொல்வது தவறாவது இதனால்தான். பக்கத்துப் பாளங்களும் வெட்டப்படும்போது தாழ்வு கூடிக்கொண்டே போகும்.

பள்ளத்தின் நடுவில் ஒன்றரை மீட்டர் இறங்கிய வீடு ஓரளவு தப்பிவிட, விளிம்பருகே இருபது சென்டிமீட்டர் மட்டும் இறங்கிய வீடு விரிசல் விட்டுப் போவதுண்டு. நடுவில் தரை ஏறக்குறைய ஒரே சீராக இறங்குகிறது. விளிம்பில் அது சாய்ந்து, வளைந்து, இழுபடுகிறது. பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியம் 1975இல் திருத்தி வெளியிட்ட கையேடு, சேதத்தைத் தாழ்வைக் கொண்டு வகைப்படுத்தவில்லை. கட்டடத்தின் நீளம் எத்தனை மில்லிமீட்டர் மாறியது என்பதைக் கொண்டே வகைப்படுத்தியது. 30 மி.மீ. வரை மிகச் சிறிய சேதம், 180 மி.மீ.க்கு மேல் மிகக் கடுமையான சேதம். மீட்டருக்கு 3 மி.மீ. இழுபடும் தரை 10 மீட்டர் நீள வீட்டை 30 மி.மீ. நீட்டுமென்றால், அதே தரையில் நிற்கும் 60 மீட்டர் நீளப் பள்ளிக்கூடத்தை 180 மி.மீ. நீட்டிவிடும். தாழ்வு வரைபடத்தை மட்டும் பார்த்தவருக்கு இவ்விரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. நடுவில் உள்ள வீடும் முற்றிலும் தப்புவதில்லை. வெட்டுமுகம் அடியில் கடந்து செல்லும்போது அது முதலில் இழுபட்டுப் பிறகு நெருக்கப்படுகிறது. எல்லாம் அடங்கிய பின் ஒரே ஒருமுறை வந்து பார்க்கும் ஆய்வாளர் இந்த அலையை முழுவதுமாகத் தவறவிடுகிறார்.

பள்ளத்தாக்குகளில் நிலைமை இன்னும் சிக்கலானது. அங்கே இரு கரைகளும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து, ஆற்றுப்படுகைப் பாறையை நெருக்கி மேல்நோக்கி விம்மச் செய்கின்றன; பாறை விரிசல் கண்டு நீர் அடியில் இறங்கிவிடுகிறது. நியூ சவுத் வேல்ஸில் கேட்டராக்ட் ஆற்றிலும் வாராட்டா ஓடையிலும் நடந்தது இதுதான். அம்மாநிலத்தின் தென்பகுதி நிலக்கரி வயல்களைப் பற்றிய விசாரணைக் குழு 2008இல் அளித்த அறிக்கை, முக்கியமான இயற்கை அமைப்புகளுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகளின் முன்தரவு வேண்டும் என்றது. சுரங்கம் வருவதற்கு முன் ஓடை கோடையில் எவ்வளவு ஓடியது, கிணற்றில் நீர் எந்த மட்டத்தில் நின்றது, சுவரில் எந்த விரிசல் ஏற்கெனவே இருந்தது என்பவை பதிவாகாவிட்டால், பின்னால் இழப்பீடு கேட்டு நிற்பவரின் கையில் சான்று என்று எதுவும் இராது. என் பணிக்காலத்தில் என்னை மிகவும் வருத்தியது, அப்படி வெறுங்கையுடன் வந்து நின்றவர்களின் முகங்கள்தான்.

செயற்கைக்கோள் ரேடார் இதையெல்லாம் தீர்த்துவிடும் என்று கட்டுரை நம்புகிறது. அது மிகப் பயனுள்ள கருவிதான், ஐயமில்லை. ஆனால் 2014 முதல் பறக்கும் ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1இன் அலைநீளம் சுமார் 5.6 செ.மீ. மட்டுமே. இரண்டு படங்களுக்கு இடையிலான நாள்களில் தரை பல பத்து சென்டிமீட்டர் இறங்கிவிட்டால், அந்த அலைகளை ஒப்பிட்டுத் தாழ்வை அளக்கும் கணக்கு பள்ளத்தின் நடுவில் குலைந்துவிடும். அடர்ந்த செடிகொடிகள் உள்ள இடத்திலும் அப்படியே. பள்ளத்தின் வெளிவிளிம்பு எதுவரை பரவியது என்பதை அது அழகாகக் காட்டும். நடுப்பகுதிக்குத் தரையில் முளையடித்துச் செய்யும் மட்ட அளவையும் விமான லேசர் அளவையும் இன்றும் வேண்டும்.

அந்த விளிம்பு பாளத்தின் ஓரத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. செங்குத்திலிருந்து 35 பாகைக் கோணத்தில் கணக்கிட்டால், 400 மீட்டர் ஆழத்துப் பாளத்தின் தாக்கம் ஓரத்திலிருந்து 280 மீட்டர் தள்ளியும் தெரியும். கட்டுரையோடு அச்சான வரைபடத்தில் பாளத்தின் எல்லைக்கோடு மட்டுமே இருந்தது. அடுத்த முறை இந்தப் பொருளில் எழுதும்போது அந்த வெளிவட்டத்தையும், முன்கணித்த சாய்வையும் இழுபாட்டையும், வெட்டிய பின் உண்மையில் அளந்தவற்றையும் அருகருகே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வட்டத்துக்குள் குடியிருப்பவர்களில் பலர், தாங்கள் அதற்குள் இருப்பதையே அறிந்திருக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுரங்க நில அளவையாளர்