பத்து செகண்ட் வேவ்ஃபார்ம சேத்து வைங்க ஐயா: ஒரு பம்ப் ஹவுஸ் எலக்ட்ரீஷியனோட திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகப் பொறியாளர் ஐயாவுக்கு வணக்கம்.

ரெண்டாம் நம்பர் மோட்டார் போனது உங்களுக்குத் தெரியும், எங்களுக்கு மெமோ குடுத்ததும் நீங்கதான். ஒம்பது நாள் தண்ணி இல்லாம கேட்டுக்கு வெளிய குடத்தோட நின்ன அம்மாங்களுக்கு பதில் சொன்னது நாங்க.

பழைய பேனல்ல முள்ளு வச்ச அம்மீட்டர் இருந்துச்சு. கடைசி ரெண்டு மாசமா அந்த முள்ளு நொடிக்கு ஒரு தடவ மெதுவா ஆடிட்டே இருந்துச்சு, ரிஜிஸ்டர்லயும் எழுதி வச்சோம். அப்புறம் டிஜிட்டல் பேனல் வந்து முள்ளக் கழட்டிட்டாங்க, புது மீட்டர் சராசரி போட்டு 362 ஆம்பியர்னு அசையாம காட்டுச்சு, மாசாமாசம் ரிப்போர்ட்ல "நார்மல்".

அந்த ஆட்டம்தான் ஐயா நோயே. அது நாலு போல் மோட்டார், 1500-க்கு பதிலா 1485 ஆர்பிஎம்ல ஓடுது, அதாவது ஸ்லிப் (ரோட்டார் பின்தங்குற அளவு) 1 சதவீதம். ரோட்டார் பார், அதாவது சுத்துற பாகத்துக்குள்ள இருக்குற உலோகக் கம்பி, உடைஞ்சா, கரண்ட்ட அதிர்வெண் வாரியா பிரிச்சுப் பாக்குறப்ப 50 ஹெர்ட்ஸுக்கு ரெண்டு பக்கமும், 49-லயும் 51-லயும், குட்டியா ரெண்டு பீக் எழும்பும். மெயின் பீக்ல நூத்துல ஒரு பங்கு உசரம் இருந்தாலே சந்தேகப்படணும். இப்ப இருக்குற பாக்ஸ் ஒரு செகண்டுதான் பதிவு பண்ணுது, அதுல எஃப்.எஃப்.டி (அப்படிப் பிரிக்கிற கணக்கு) போட்டா ஒரு ஹெர்ட்ஸ் தள்ளி இருக்குற பீக் 50-க்குள்ளயே முங்கிப் போயிடும். பத்து செகண்ட் எடுத்தா 0.1 ஹெர்ட்ஸ் வரைக்கும் பிரிச்சுப் பாக்கலாம். நொடிக்கு 5000 சாம்பிள், மூணு ஃபேஸ், எல்லாம் சேந்து 300 கேபி. வாட்ஸப்ல வர்ற ஒரு போட்டோ அளவுதான்.

அதனால கேக்குறது ஒண்ணுதான், ஷிஃப்டுக்கு ஒரு தடவ பத்து செகண்ட் கரண்ட் வேவ்ஃபார்ம, அதாவது கரண்ட் ஏறி இறங்குற அலைய, சராசரி போடாம அப்படியே சேத்து வைக்கச் சொல்லுங்க.

ரெண்டாம் நம்பர் மோட்டாரக் கழட்டுனப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். எண்ட் ரிங்கு (பார் எல்லாத்தையும் சேக்குற வளையம்) ஓரமா மூணு பார் விட்டிருந்துச்சு, ஒண்ணு வெளிய நீட்டி வைண்டிங்கையே கிழிச்சிருந்துச்சு. கரண்ட் போய்ப் போய் வர்றப்பல்லாம் உடனே ஸ்டார்ட் பண்ணுன்னு போன் வரும், ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் பார் சூடேறி விரியும், சுருங்கும், அப்படித்தான் ஒட்டு விடுது. இது ஆப்பரேட்டர் கவனக்குறைவுன்னு மெமோல எழுதுனதப் படிச்சப்ப வயிறு எரிஞ்சுது ஐயா. மூணாம் நம்பர் வி.எஃப்.டி-ல (வேகத்தக் கூட்டிக் குறைக்கிற டிரைவ்) ஓடுது, அதுல ஷாஃப்ட் கரண்ட் பாஞ்சு பேரிங்ல வரிவரியா தடம் விழுந்து ஒரு தடவ மாத்தியாச்சு, அதையும் யாரும் கேக்கல. கான்ட்ராக்ட் ஆளு சொன்னா எடுபடாது, கலர் கலரா ஸ்கிரீன் காட்டுனா எடுபடுது.

கோவத்துல ஏதாவது கூடப் பேசியிருந்தா மன்னிச்சுக்கோங்க. பம்போட லோடு ஆடுனாலும் இதே மாதிரி பீக் வரலாம், அதனாலதான் ஒரு நாள் பதிவு பத்தாது, வாரக்கணக்குல வச்சு பீக் வளருதான்னு பாக்கணும். ஒண்ணாம் நம்பரும் அதே வருஷம் போட்ட மோட்டார்தான். அதுக்கு இந்த வாரமே பத்து செகண்ட் பதிவ ஆரம்பிக்க ஆர்டர் போடுங்க ஐயா, கழட்டுன அந்த முள்ளு அம்மீட்டர் ஸ்டோர்லதான் கெடக்கு, அதுவரைக்கும் அதையாவது திரும்ப மாட்டிக்க அனுமதி குடுங்க.

இப்படிக்கு,
நைட் ஷிஃப்ட் எலக்ட்ரீஷியன்