எபிரெயர் 6-ஐ ஒன்பதாம் வசனம்வரை வாசியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் கேள்வி–பதில் பகுதியில் ஒருவர், மகன் இறந்த பிறகு ஜெபிக்கவே வாய் வரவில்லை, சபைக்குப் போயும் இரண்டு வருடமாகிறது, என் இரட்சிப்பு போய்விட்டதா என்று கேட்டிருந்தார். நீங்கள் எழுதிய பதில் நாலே வரி. மறுதலித்துப்போனவர்களை மனந்திரும்பும்படி மறுபடியும் புதுப்பிப்பது கூடாத காரியம் என்கிற எபிரெயர் 6:4-6-ஐக் காட்டிவிட்டு, "பின்வாங்கியவர் இரட்சிப்பை இழந்தவரே. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை" என்று முடித்துவிட்டீர்கள்.

படித்து ஒரு வாரமாகிறது. அந்தக் கடைசி வரி இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

இடமில்லையா, ஐயா? நீங்கள் அறியாததை நான் சொல்லப்போவதில்லை. 1610-இல் டச்சு இறையியலாளர் ஆர்மீனியஸின் வழிவந்தவர்கள் தங்கள் ஐந்து விசுவாசக் கட்டுரைகளை எழுதியபோது, விசுவாசி இரட்சிப்பை இழக்கலாமா என்ற இந்த ஒரு காரியத்தில் மட்டும், வேதத்தை இன்னும் ஆராய்ந்துதான் சொல்ல முடியும் என்று நிறுத்திக்கொண்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல 1618–19-இல் நெதர்லாந்தில் கூடிய டார்ட் சபைச் சங்கம், தேவன் தெரிந்துகொண்டவர்களை அவரே முடிவுவரை காப்பார் என்று சொன்னது. அதற்கு முன்பே, 1530-இல் லூத்தரன்கள் தங்கள் விசுவாச அறிக்கையான ஆக்ஸ்பர்க் அறிக்கையில், நீதிமானாக்கப்பட்டவன் பரிசுத்த ஆவியை இழக்கவே முடியாது என்பது தவறு என்று எழுதியிருந்தார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும், இரட்சிப்பை இழக்கலாம் என்றே நம்பினார். ஆகவே இழக்கலாம் என்று நீங்கள் நம்புவதில் எனக்கு வருத்தமில்லை. இத்தனை பேர் இத்தனை காலம் வாதாடிய காரியத்தை, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பனுக்கு நாலு வரியில் தீர்ப்பாக எழுதியதுதான் வருத்தம்.

அந்த வேதபகுதியையும் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். இன்னும் மூன்று வசனம் தள்ளிப் போயிருந்தால், "பிரியமானவர்களே, நாங்கள் இப்படிச் சொன்னாலும்" என்று தொடங்கும் ஒன்பதாம் வசனம் வந்திருக்கும். இரட்சிப்புக்குரிய காரியங்கள் உங்களிடத்தில் உண்டென்று நம்பியிருக்கிறோம் என்கிறார் அதை எழுதியவர். எச்சரித்த கையோடு அவர்களை அணைத்துக்கொள்கிறார். உங்கள் பதிலில் எச்சரிப்பு மட்டும்தான் இருந்தது. துக்கத்தில் வாயடைத்துப் போவதும் மறுதலிப்பதும் ஒன்றா? மூன்று தரம் வாய்திறந்தே மறுதலித்த பேதுருவுக்காக, அவன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடி ஆண்டவர் முன்கூட்டியே வேண்டிக்கொண்டாரே.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், என் அம்மா. கடைசி இரண்டு வருடம் அவருக்கு ஞாபகமே இல்லை. என் பெயர் போயிற்று, அப்புறம் பரமண்டல ஜெபம் போயிற்று. ஒருநாள் வீட்டுக்கு வந்த போதகர் கட்டிலருகே குனிந்து, "அம்மா, இயேசு உங்கள் இரட்சகர்தானே?" என்று கேட்டார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க யாரு?" என்றார். போதகர் வெளியே வந்து, "நிச்சயம் இல்லாமல் இருக்கிறார்களே, உபவாசித்து ஜெபியுங்கள்" என்றார். அறுபது வருடம் விடியற்காலையில் முழங்காலில் நின்றவரைப் பற்றி! உள்ளே வந்து பார்த்தால், அம்மா போர்வை ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டு, எங்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டின் ராகத்தை வார்த்தையில்லாமல் முனகிக்கொண்டிருந்தார். "என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை" என்று ஆண்டவர் சொன்னது தம்முடைய கையைப் பற்றித்தானே? அம்மாவின் பிடி தளர்ந்ததை வைத்து எதை அளந்தார் அந்தப் போதகர்?

இது இன்று நேற்று வந்த வலி இல்லை. சிறுவயதில் ஒவ்வொரு வருட முகாமிலும், இன்று இரவு இறந்தால் எங்கே போவாய் என்று கேட்பார்கள். பயந்து பயந்து ஒவ்வொரு வருடமும், இயேசுவை ஏற்றுக்கொள்கிறேன் என்ற தீர்மான அட்டையில் கையெழுத்துப் போட்டேன். ஐந்து அட்டைகள், ஐந்து தேதிகள், இன்றும் என் வேதாகமத்துக்குள் இருக்கின்றன. எது என் இரட்சிப்பின் நாள் என்று இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் உங்கள் பத்திரிகையிலேயே, உங்கள் இப்போதைய பதிலுக்கு நேர்மாறாக, ஒருமுறை கையைத் தூக்கினால் போதும், பிறகு எப்படி வாழ்ந்தாலும் பரலோகம் உறுதி என்று ஒரு கட்டுரை வந்தது. அதையும் எதிர்த்து எழுதினேன். நீங்கள் பிரசுரிக்கவில்லை. பரவாயில்லை. ஆனால் அன்று அப்படி, இன்று இப்படி என்றால் வாசிக்கிற நாங்கள் எதைப் பிடித்துக்கொள்வது?

இரட்சிப்பு வேறு, நான் இரட்சிக்கப்பட்டேன் என்று மனதில் உணரும் இரட்சிப்பின் நிச்சயம் வேறு. உண்மையான விசுவாசி விழுந்தே போகமாட்டான் என்று சொன்ன, சீர்திருத்த சபைகளின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையே, அவனுடைய நிச்சயம் அசைக்கப்படலாம், குறையலாம் என்றும் சொல்கிறது. கவிஞர் வில்லியம் கூப்பர் 1773-இலிருந்து, தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்றே நம்பினார். 1800-இல் இறக்கும்வரை அந்த இருள் அவரை விடவில்லை. அவர் எழுதிய பாடல்களைச் சபைகள் இன்றும் பாடுகின்றன. அவரும் இரட்சிப்பை இழந்தவர் என்று எழுத உங்களுக்கு மனசு வருமா?

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் அந்த வாசகரின் கேள்வியை மறுபடியும் போட்டு, கீழே எபிரெயர் 6:9-ஐ முழுமையாக அச்சிடுங்கள். இடம் போதாவிட்டால் என் கடிதத்தை விட்டுவிடுங்கள். அந்த மனிதர் இன்னும் பத்திரிகையை நிறுத்தாமல் இருந்தால், அதை வாசிக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி