ஜெர்மனி ரோஸ்டாக்கில் இருக்கும் மாப்பிள்ளைக்கு

மூலனூர் பக்கம்,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள செந்தில் மாப்ளே,

நீ அனுப்பின வீடியோவை வீட்டில் எல்லோரும் பார்த்தாச்சு. மக்காச்சோளம் அறுத்த காட்டில் அத்தனை கொக்கு நிற்கும் என்பதை அம்மா நம்பவே இல்லை, அதுவும் ஒவ்வொன்றும் ஆட்டுக்குட்டியைவிட உயரம் என்று நான் சொன்னதும் "அவன் ஏதோ கம்ப்யூட்டர்ல பண்ணி அனுப்பியிருக்கான்" என்று எழுந்து போய்விட்டார்கள். அது நம்ம வயல் கொக்கு ஜாதி இல்லை, வடக்கே இருக்கும் சாரஸ் கொக்குக்குத்தான் சொந்தம். நீ இருக்கும் பக்கம், ரூகன் தீவைச் சுற்றி, ஒவ்வொரு இலையுதிர் காலமும் பல்லாயிரக் கணக்கில் இறங்கி, சிந்திய மக்காச்சோளத்தைத் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டு பிரான்ஸ், ஸ்பெயின் என்று கிளம்பும். குஞ்சுகளும் தாய் தகப்பனோடுதான் போகும், வழியை அவற்றோடு சேர்ந்து பறந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும். இப்போது குளிர் குறைந்துவிட்டதால் கொஞ்சம் ஜெர்மனியிலேயே தங்கிவிடுவதும் உண்டு. அதனால் "இங்க இருக்கிற குளிருக்கே பயந்து ஓடுதுக" என்று நீ எழுதினது பாதிதான் சரி. தண்ணீர் உறையாமல், பனி மூடாமல் இரை கிடைத்தால் குளிரைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது.

ஸ்பெயினில் அவை எங்கே போய் இறங்குகின்றன என்று தேடிப் படித்தேன். எக்ஸ்ட்ரிமதுரா என்று ஒரு மாநிலம், அங்கே ஓக் மரங்களை இடைவெளி விட்டு நிற்க வைத்து, கீழே புல்லை வளரவிட்டு, பன்றியும் செம்மறியும் மேய்க்கிறார்கள். மரத்திலிருந்து உதிரும் கொட்டையைப் பன்றியும் தின்கிறது, நீ பார்த்த கொக்கும் தின்கிறது. படத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிமிஷம் நம்ம மேய்ச்சல் காடு, கொறங்காடுதான் தெரிந்தது மாப்ளே. ஓக்குக்குப் பதிலாக வெள்ளவேலான், பன்றிக்குப் பதிலாக நம்ம ஆடு, காங்கயம் மாடு, சுற்றிலும் கிளுவை வேலி. மற்றபடி அதே கணக்குத்தான்: மரம் காய் போடும், புல் தானாக வரும், ஆடு மேயும், எங்கிருந்தோ பறவை வந்து சேரும்.

இங்கே வந்து சேர்வது பூனைப்பருந்து. சின்ன வயதில் பருந்து என்றாலே கோழிக்குஞ்சு தூக்குகிற சமாச்சாரம் என்று கல்லைத் தேடுவோமே, இது அந்தப் பருந்து இல்லை. உயரத்தில் வட்டம் போடாது. புல்லுக்கு மேலே இடுப்பு உயரத்தில், இறக்கை இரண்டையும் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டு, காட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடவிக்கொண்டே போகும். முகம் ஆந்தை முகம் மாதிரி வட்டமாக இருக்கும், புல்லுக்குள் எலி நகர்கிற சத்தத்தைக்கூடப் பிடித்துவிடும். போன வாரம் சாயங்காலம் படலைச் சாத்தப் போனபோது ஒன்று எனக்குக் கூப்பிடு தூரத்தில் திடீரென்று நின்றது, அப்படியே காலை நீட்டிப் புல்லுக்குள் விழுந்தது. எழுந்து வந்து வேலியோரக் கல்லில் உட்கார்ந்தபோது காலில் ஒரு பெரிய பச்சை வெட்டுக்கிளி. இறக்கையை மட்டும் பிய்த்து எறிந்துவிட்டு உடம்பை விழுங்கியது. பழுப்பு நிறம், வாலடியில் வெள்ளைப் பட்டை. பெண்ணாக இருக்கலாம், இல்லை இந்த வருஷத்துக் குஞ்சாக இருக்கலாம். ஆண் சாம்பலும் வெள்ளையுமாக, இறக்கை நுனி மட்டும் கரியில் தோய்த்த மாதிரி இருக்கும்.

குஞ்சாக இருந்தால் யோசித்துப் பார். கஜகஸ்தான் பக்கத்துப் புல்வெளியில் வைகாசி, ஆனி வாக்கில் பொரித்தது. கொக்குக் குஞ்சு மாதிரி இதற்குக் கூட வர ஆள் கிடையாது, தாய் ஒரு பக்கம் தகப்பன் ஒரு பக்கம் தனித்தனியாகக் கிளம்பிவிடும். பிறக்கும்போதே ரத்தத்தில் எழுதியிருக்கிற திசையை நம்பி, 4,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து, தாராபுரம் தாலுகாவில் நம்ம காட்டு வெட்டுக்கிளியைத் தின்கிறது. உன்னை முதல் தடவை விமானம் ஏற்ற கோயமுத்தூருக்கு நாங்கள் எத்தனை பேர் வந்தோம் என்று நினைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

நேரக் கணக்கும் அப்படி அமைந்திருக்கிறது. ஐப்பசி மழை விழுந்ததும் கொழுக்கட்டைப்புல் தழைக்கும், தழைத்ததும் வெட்டுக்கிளி பெருகும், பின்னாடியே பருந்து. இன்னொரு விஷயம், இவை ராத்திரியில் மரத்தில் அடைவதில்லை. தரையில், உயரமான புல்லுக்கு நடுவில், பல பருந்துகள் ஒன்றாகப் படுக்கும். விதை விழும்வரை மேயவிடாமல் சில காட்டை அடைத்துப் போடுவோம் இல்லையா, அந்த மாதிரிக் காடு கிடைத்தால்தான் அவற்றுக்குத் தூக்கம்.

அந்தக் காடுதான் இப்போது குறைகிறது. நம்ம தெற்கு வேலியை ஒட்டிய கொறங்காடு சோலாருக்குப் போய்விட்டது. குத்தகை என்கிறார்கள், மரத்தையெல்லாம் பிடுங்கி, வேலியை எரித்து, கம்பிவலை அடித்து, பேனல் வரிசையாக நிற்கிறது. கொடுத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன், பசங்க இரண்டு பேரும் திருப்பூரில், ஆடு மேய்க்க ஆள் கிடையாது, சும்மா கிடக்கிற காட்டுக்கு மாசம் பணம் வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? நானே ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தவன்தான். ஸ்பெயின்காரனுக்கு அந்தக் கொட்டை தின்ற பன்றிக்கறிக்கு உலகம் முழுக்கக் கிராக்கி இருக்கிறது, அதனால் மரம் நிற்கிறது. நம்ம கொறங்காட்டு ஆட்டுக்குத் தனி விலை எவன் கொடுக்கிறான்? சந்தையில் எல்லா ஆடும் ஒரே ஆடுதான். வெளியிலிருந்து வருகிறவனுக்கு இது வெறும் தரிசு.

குளம் என்றால் கதையே வேறு. ஈரோடு பக்கத்து வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது, திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024-ல். வெள்ளோட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடியே வைப்பதில்லை, இது எந்தச் சட்டம் போட்டும் வருகிற காரியம் இல்லை, நான் அந்தச் சனத்தைக் கையெடுத்துக் கும்பிடுவேன். நஞ்சராயன் குளத்துக்கு வரித்தலை வாத்து வருகிறது. மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வருகிற வாத்து; கருவி பொருத்திப் பார்த்ததில் 7,290 மீட்டர் உயரம் வரை ஒன்று பறந்திருக்கிறது. நமக்கு அந்த உயரத்தில் மூச்சு விடுவதே பாடு. அது வந்து இறங்குவது பனியன் கம்பெனி ஊர்க் குளத்தில்! அதெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் வலசை என்றாலே குளம், வாத்து, கேமராவோடு நாலு பேர் என்று ஆகிவிட்டது. தண்ணி இல்லாத காட்டுக்கு வருவதை எண்ணுவதற்கே ஆள் குறைவு. பூனைப்பருந்து நாடு முழுக்கக் குறைந்து வருகிறது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், அது எந்தக் குளத்தைக் காப்பாற்றினாலும் சரியாகாது.

சோளத்துக்கு வருகிற குருவிக் கூட்டம் இந்த வருஷமும் வந்தது, அதைச் சூறைக்குருவி என்று புத்தகத்தில் போடுகிறார்கள், பொருத்தமான பேர். ரோஸ் நிற உடம்பு, கறுப்புத் தலை. மச்சான் தகரத்தைத் தட்டித் தட்டிக் கை வீங்கிப் போனார். அவரிடம், இதே குருவிக்குச் சீனாவில் ஷின்ஜியாங் பக்கம் கூடு வைக்கக் கல்லும் செங்கல்லும் அடுக்கிக் கொடுக்கிறார்கள், அங்கே வெட்டுக்கிளியை இதுதான் தின்று அழிக்கிறது என்று சொன்னேன். "அப்ப அங்கியே இருக்கச் சொல்லு" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

சரி, உனக்கு ஒரு வேலை. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் பெரிய படிப்பாளிகளே, தகைவிலான் குருவிகள் குளிர்காலத்தில் குளத்துச் சேற்றுக்குள் போய்த் தூங்குகின்றன என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். 1822-ல் உங்கள் பக்கத்திலேயே க்ளூட்ஸ் என்ற ஊரில் ஒரு செங்கால் நாரையைச் சுட்டார்கள். அதன் கழுத்தில் ஏற்கெனவே ஒரு நீள ஈட்டி குத்தி நின்றது. ஆப்பிரிக்க மரத்தில் செய்த ஈட்டி. கழுத்தில் ஈட்டியோடு அவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கிறது பார்! பறவைகள் எங்கே போகின்றன என்ற கேள்விக்கு அது ஒரு நேரடிச் சாட்சியாகிவிட்டது. அந்த நாரையைப் பாடம் செய்து ரோஸ்டாக் பல்கலைக்கழகத்திலேயே வைத்திருக்கிறார்களாம். இத்தனை வருஷமாக அந்த ஊரில் இருக்கிறாய், ஒரு வார்த்தை சொன்னதில்லை. போய்ப் பார்த்து, ஈட்டி தெளிவாகத் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்பு.

அப்புறம், பொங்கலுக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல். நாலு நாள் தங்குகிற மாதிரி வா, கல்யாண வீடு மாதிரி வந்த அன்றைக்கே ஓடாதே. அங்கே நல்ல பைனாகுலர் மலிவாகக் கிடைத்தால் ஒன்று வாங்கி வா, காசு தந்துவிடுகிறேன். வடக்குக் காட்டை மாசி வரை அடைத்துப் போடுவது என்று முடிவு செய்திருக்கிறேன், ஆட்டுக்குச் சோளத்தட்டு வாங்கிப் போட்டுச் சமாளித்துக்கொள்ளலாம். அத்தையையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன்,
முத்து